கஸ்தூரி வாசலில் கட்டிய வேப்பிலை

செய்தி வந்தபோது வண்டி அண்ணனூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் வழக்கம்போல டிபன் டப்பாக்கள் திறந்திருந்தன. ஜமீலாவின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மடியில் இருந்த டப்பாவை மூடினாள். "யாரு ஜமீலா?" என்று நான்தான் கேட்டேன். "கஸ்தூரி அக்கா ஊட்டுக்காரரு" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. கஸ்தூரி போய்விட்டாள், எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால் வலிக்காது என்று எவர் சொன்னாரோ, அவரை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குகிற நம் பெட்டிப் பெண்களுக்கும், எஸ்டேட்டில் அவளோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதினால் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பது வழக்கம். கஸ்தூரி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசி மாதங்களில் ஒரு நாள், "நீதான் சங்கத்துப் பத்திரிகையில எழுதுறவளாச்சே, என்னப் பத்தி எழுதுவ இல்ல?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "டபாய்க்காத கோமு. எழுதுனா அந்த அம்மை சமாச்சாரத்தையும் எழுது. என் பேரப் போட்டே எழுது. எவளாவது ஒருத்தி படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டா போதும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் கணக்கு, அவள் ஸ்டோர்ஸ். அவளுடைய கம்பிக் கதவைத் தாண்டி, சீட்டு இல்லாமல் ஒரு பொருள் வெளியே போனதில்லை. ஒரு தடவை முதலாளியின் மகனே வந்து நின்றான். அவசரமாக ஒரு பேரிங் வேண்டுமாம். "சீட்டு எங்க தம்பி?" என்றாள். "நான் யாருன்னு தெரியும்ல?" என்றான். "தெரியுது. அதனாலதான் கேக்குறேன். நீயே சீட்டு இல்லாம எடுத்துகினு போனா, நாளைக்கு ஊரே எடுத்துகினு போவும்." அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ச் சீட்டு எழுதி வந்தான். நாங்கள் எல்லாரும் அலுவலகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மதியம் முழுவதும் அவளுடைய கம்பிக் கதவுக்கு நாங்கள் கோட்டைக் கதவு என்று பெயர் வைத்துச் சிரித்தோம்.

கஸ்தூரி ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். கணவர் இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கம். படைக்கலத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வந்து, குவார்ட்டர்ஸில் காலம் தள்ளி, ஓய்வு பெற்றதும் வெள்ளானூரில் ஒரு வீடு கட்டினார். வாசலில் ஒரு வேப்பமரம். மனை வாங்கும்போதே அந்த மரம் நின்றது. "மரத்துக்காகத்தான் இந்த மனைய வாங்குனோம், அம்மாவே காவலுக்கு நிக்கிறா" என்று கஸ்தூரி சொல்வாள். அவளுக்கு அம்மன் என்றால் உயிர். ஆடி மாதம் முழுக்க மஞ்சள் புடவைதான், கூழ் ஊற்றுகிற அன்று வேலைக்கு வரமாட்டாள். அதைக் கேலி செய்த சூப்பர்வைசர் ஒருவருக்கு அவள் ஒரு வாரம் ஸ்டோர்ஸில் எழுந்து நின்று பதில் சொல்லவில்லை.

வறட்டு இருமலில் ஆரம்பித்தது. ஸ்டோர்ஸ் தூசி என்றாள். இருமல் மாத்திரை, கஷாயம், ஆவி பிடிப்பது எல்லாம் ஆயிற்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். இசக்கிமுத்து அண்ணன் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "பீடி சிகரெட் குடிக்கிறவனுக்குல்லா அது வரும்? இவளுக்கு எப்படி வரும்?" என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனார். புகைக்காதவர்களுக்கும் வரும், அப்படி வருகிற சிலருக்கு நோயின் அணுக்களில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கும், அந்த மாற்றத்தைப் பார்த்து அதை மட்டும் குறிவைக்கிற மாத்திரை இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். சோதனை செய்து பார்த்ததில் கஸ்தூரிக்கு அந்த மாற்றம் இருந்தது. "போயிடுமா டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். "போகாதும்மா. அடக்கி வைக்கலாம். எவ்வளவு காலம்னு என்னால சொல்ல முடியாது" என்றாராம்.

நம் ஜனங்களுக்கு ஊசி என்றால் பயம், மாத்திரை என்றால் வீட்டுப் பண்டம். "ஒரே ஒரு மாத்திரதான் கோமு, தெனமும் ஒண்ணு. முடி கொட்டாதாம், வேலைக்கும் வரலாமாம்" என்று அவள் சொன்னபோது எனக்கும் பாதி பயம் போய்விட்டது. தலைவலி மாத்திரையை விடக் கொஞ்சம் பெரியதாக ஒரு மாத்திரை. அதற்குப் பின்னால் இருந்த ஆபத்து எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எது வந்தாலும் கூப்பிடுங்கள் என்று ஒரு நர்ஸ் தன் கைபேசி எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அது கஸ்தூரியின் கைப்பைக்குள் போய், பேருந்து டிக்கெட்டுகளோடு டிக்கெட்டாகக் கிடந்தது.

அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். முன்னால் கொஞ்ச நேரம் சாப்பிட்டிருக்கக் கூடாது, பின்னால் கொஞ்ச நேரம் சாப்பிடக் கூடாது. விடிவதற்குள் கணவரோடு காபி குடிப்பதை மட்டும் அவளால் விட முடியவில்லை. அதனால் வண்டியில் ஏறியதும் போடுவது என்று வைத்துக்கொண்டாள். "வீட்டுல இருந்தா மறந்துடுவேன். இங்க நீங்கல்லாம் மொறச்சுப் பாத்துகினு இருப்பீங்க" என்றாள். முதல் நாள் பெட்டியே கொந்தளித்துவிட்டது. வெறும் வயிற்றில் மாத்திரையா! நம் வீடுகளில் மாத்திரை போடுகிறவர் வாயில் முதலில் இரண்டு இட்லியைத் திணித்துவிட்டுத்தானே மாத்திரையைக் காட்டுவோம்? "ஐயே, கொடலு வெந்து பூடும்க்கா. இந்தா, ஒரு வாயாவது துன்னுட்டுப் போடு" என்று ஜமீலா தன் டப்பாவை நீட்டினாள். ஜமீலா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல், அவள் கை இடியாப்பத்துக்கு நம் பெட்டியே அடிமை. கஸ்தூரி அவள் கையைத் தள்ளிவிட்டாள். "வேணாம்டி. சாப்பாட்டோட போட்டா மருந்து ரத்தத்துல எக்குத்தப்பா ஏறுமாம். சொல்லி அனுப்பியிருக்காங்க." ஜமீலாவுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கஸ்தூரியின் பங்கைத் தனி டப்பாவில் போட்டு, "ஃபேக்டரிக்குப் போயி டீ டைம்ல துன்னு" என்று கொடுத்தாள். நாங்கள் சாப்பிடும்போது கஸ்தூரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "வாசனைக்கு ஒண்ணும் தடையில்ல இல்ல?" என்பாள்.

சாப்பாட்டு விஷயத்தில் இவ்வளவு ஒழுங்காக இருந்தவள்தான் பங்குனி மாதத்தில் மாத்திரையை நிறுத்தினாள்.

திடீரென்று வேலைக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு ஜமீலாவும் நானும் வெள்ளானூருக்குப் போனோம். கேட்டைத் திறக்கக் கை வைத்தேன், வேப்பிலைக் கொத்து தட்டுப்பட்டது. கேட்டில் கட்டியிருந்தது, நிலைப்படியிலும் செருகியிருந்தது. இசக்கிமுத்து அண்ணன் மேல்சட்டை இல்லாமல் வெளியே வந்தார்.

"உள்ள வராதீங்கம்மா. அம்மா வந்திருக்கா" என்றார். "மொகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் முத்து முத்தாப் போட்டிருக்கு."

"ஐயோ. மாத்திரை போடுறாளா?"

"அதெப்படிம்மா? அம்மை கண்ட வீட்டுல மருந்து மாத்திரை ஆகாதுல்லா? எல்லாத்தையும் நிறுத்தியாச்சு."

"ஆஸ்பத்திரியில கேட்டீங்களா?"

"இதப் போயி ஆஸ்பத்திரியில கேப்பாங்களா?" என்றார். நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருக்கோடி வரைக்கும் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். "அது சளி மாத்திரையாண்ணே, நெனச்சா போட, நெனச்சா நிறுத்த? உசிரப் புடிச்சு வச்சிருக்கிற மாத்திரைண்ணே!" என்று கத்தினேன். நானும் அது அம்மை என்றுதான் நம்பினேன். வெயில் காலம், தெருவுக்கு ஒரு வீட்டில் வேப்பிலை தொங்கியது. மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. "கோமு, வாசல்ல நின்னு கத்தாத. அவ கோச்சுக்குவா."

"அவ கோச்சுக்கட்டும்டி! நீ மாத்திரையப் போடு!"

ஜமீலா என் வாயைப் பொத்தினாள். கஸ்தூரி உள்ளேயிருந்தே, "கொஞ்ச நாளு நிறுத்துனா இன்னா ஆயிடப் போவுது? மூணு தண்ணி ஊத்தட்டும், அப்புறம் போட்டுக்கறேன். நீ ஊட்டுக்குப் போ" என்றாள். ஆஸ்பத்திரி எண்ணையாவது கொடுங்கள், நான் கேட்கிறேன் என்றேன். அது அவள் கைப்பையில் எங்கேயோ இருக்கிறது, அம்மை படுத்திருக்கிறவளிடம் போய் அதைத் தேடு இதைத் தேடு என்று சொல்லக் கூடாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். வரும் வழியெல்லாம் ஜமீலா அழுதாள், நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வீட்டில் தாளிப்பு நின்றது, மீன் நின்றது. வேப்பிலை விரித்துப் படுத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து உடம்பு முழுக்கப் பூசினார்கள். மோரும் இளநீரும் நுங்கும்தான் ஆகாரம். முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி என்று முறைப்படி வெயிலில் வைத்த வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். சொன்னபடியே முத்துகள் வாடின. முகம் தெளிந்தது. கோயிலுக்குப் போய்க் கூழ் ஊற்றிவிட்டு, கஸ்தூரி மறுபடியும் வண்டி ஏறினாள். "பாத்தியா? எப்படி வந்தாளோ அப்படியே எறங்கிட்டா. நீ அவள இன்னா பேச்சு பேசுன!" என்று என் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். எங்கள் கண் முன்னால் மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வாரத்திலேயே மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்தது. பிறகு கன்னம், கழுத்து, நெஞ்சு. சீழ் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒரு நாள் காலையில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்துகொண்டாள். "அம்மையோட வண்டியில ஏறலாமா? கொழந்தைங்க வர்ற பொட்டி இது, அறிவு வேணாம்?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். கஸ்தூரி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஸ்டோர்ஸ் வாசலில் முதலாளி மகனையே நிறுத்தியவள், குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஜமீலா முந்திக்கொண்டாள். ஆனால் அவள் பேசியது கஸ்தூரியிடம்.

"அக்கா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. எங்க தெருவுலயும் அம்மை வந்தா இதெல்லாம் செய்யுறாங்கதான். மாரியாத்தா ஒரே ஆளுகிட்ட இப்டி அடுத்தடுத்து ரெண்டு வாட்டி வந்து நான் பாத்ததேயில்ல. மாத்திரைய நிறுத்துன, இது போச்சு. மாத்திரையப் போட்ட, திரும்பி வந்துகீது. யோசிச்சுப் பாருக்கா."

கஸ்தூரி பட்டரவாக்கத்தில் இறங்கியதும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைக் கவிழ்த்தாள். டிக்கெட்டுகளுக்கு நடுவிலிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். உடனே கிளம்பி வாருங்கள் என்றார் அந்த நர்ஸ். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "இது அம்மை இல்லம்மா. இந்த மாத்திரை தோல்லயும் வேலை பார்க்கும், அதனால வர்றது. நிறைய பேருக்கு வரும். பெரும்பாலும் மருந்து உடம்புல வேலை பாக்குதுங்கறதுக்கு அடையாளமாவே இதை எடுத்துக்குவோம்" என்றார். ஆரம்பத்திலேயே பரு மாதிரி வரும் என்று சொன்னோமே என்றார். சொன்னார்கள்தான். பரு என்றால் வயசுப் பெண்களுக்கு வருகிற பரு என்று அவள் நினைத்திருந்தாள். "அம்பது வயசுல பருவா, பரவால்லையே" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தும் இருந்தாள். உடம்பெல்லாம் முத்துப் போட்டபோது, அந்தப் பரு இதுதான் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

"நான் நிறுத்திட்டேன் டாக்டர்" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னாள். "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கஸ்தூரி எழுந்து அவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வுட்டதெல்லாம் ஒண்ணாச் சேத்துப் போட்டுக்கட்டா? இன்னிக்கே போட்டுக்கறேன்." "ஐயோ, அதெல்லாம் செய்யவே கூடாது. விட்டது விட்டதுதான். இனிமே ஒரு நாளைக்கு ஒண்ணு, அவ்வளவுதான்" என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பூசக் களிம்பு எழுதிக் கொடுத்தார். வேப்பிலை மஞ்சள் பற்று வேண்டாம், தோலை இன்னும் காயப் போட்டுவிடும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதிகமானால் நாங்களே நிறுத்தச் சொல்வோம் அல்லது அளவைக் குறைப்போம், நீங்களாக எதையும் செய்யாதீர்கள் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் என்னிடம் சொன்னது இது. "சீட்டு இல்லாம ஒரு வாஷரக் கூட வெளிய வுடமாட்டேன். என் உசிர யாரயும் கேக்காம நானே தூக்கி வெளிய வெச்சிருக்கேன் பாரு கோமு." அப்போது அவள் அழுதாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவள் அழுது பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த கஸ்தூரியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். இசக்கிமுத்து அண்ணனின் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வெள்ளையாகக் களிம்பு பூசிக்கொண்டு, ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட் வரைக்கும் நடப்பாள். பையன்கள் பார்த்துச் சிரித்தால், "இன்னாடா பாக்குற? மருந்து வேலை செய்யுதுடா" என்பாள். வயிறு போனால் உடனே போன். நகக்கண் வெடித்தால் போன். பக்கத்து வீட்டில் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தால், டம்ளரை வாங்குவதற்கு முன்னால் போன். அந்த நர்ஸே ஒரு நாள், "அக்கா, உங்க நம்பரைப் பாத்தாலே சிரிப்பு வருது" என்றாராம். "சிரிச்சுக்க. ஆனா எடுத்துடு" என்றிருக்கிறாள்.

ஒரு நாள் வண்டியில் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. நம் பெட்டியில் கேஸ் மாத்திரை இல்லாத கைப்பை எது? நாலு பக்கத்திலிருந்து நாலு கைகள் நீண்டன. அவள் ஒவ்வொருத்தியையும் பார்த்து, "கேட்டியா?" என்றாள். "கேஸ் மாத்திரைக்கு எவகிட்டடி கேக்கணும்?" என்று நான் எரிந்து விழுந்தேன். அவள் போன் போட்டாள். அந்த கேஸ் மாத்திரை வயிற்றில் புளிப்பைக் குறைத்துவிடும், புளிப்பு குறைந்தால் புற்றுநோய் மாத்திரை உடம்பில் சரியாக ஏறாது, அதை எடுக்கவே கூடாது, டாக்டரைக் கேட்டு வேறு சொல்கிறேன் என்று பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டி முழுக்கக் கேட்க வைத்தாள். நீண்ட கைகள் எல்லாம் பைக்குள் போயின. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து "கேட்டியா?" பெட்டியின் பேச்சாகிவிட்டது. அவள் தொல்லை தாங்கவில்லை என்று பலர் முணுமுணுத்தீர்கள், நானும்தான். மூட்டு வலிக்கு நான் மெடிக்கல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை ஒரு நாள் பிடுங்கிப் பார்த்தாள். "உனக்குத்தான் பிரஷர் கீதே. உன் டாக்டரக் கேட்டியா?" "போடி, உனக்கு வந்தா ஊருக்கே வந்துச்சா?" என்றேன். அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போனபோது கேட்டேன். முதலில் அதை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கஸ்தூரிக்கு மருந்து கேட்டது. முதல் ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது, அடுத்ததிலும் அப்படியே இருந்தது. அந்த ஆடியில் அவள் கூழ் ஊற்றினாள். ஜமீலா வீட்டுப் பெருநாள் பிரியாணியைச் சாப்பிட்டாள். மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போய் வந்தாள். மழைக்காலத்தில் இருமல் திரும்பியது. இந்த முறை ஸ்டோர்ஸ் தூசி என்று அவள் சொல்லவில்லை.

ஸ்கேன் முடிவைக் கேட்கப் போன அன்றும் நான் கூட இருந்தேன். நோய் மறுபடியும் வளர்கிறது, எலும்புக்கும் போயிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இசக்கிமுத்து அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். கஸ்தூரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் நிறுத்துன அந்த நாளுங்களாலயா?"

"சொல்ல முடியாதும்மா. ஒரு நாள் கூட விடாதவங்களுக்கும் ஒரு கட்டத்துல இந்த மருந்து கேக்காமப் போகும்."

"சொல்ல முடியாதுன்னா, ஆமான்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?"

டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். "சொல்ல முடியாதுன்னுதாம்மா அர்த்தம்."

அந்த ஒரு வார்த்தையோடுதான் அவள் மிச்ச நாளை எல்லாம் கழித்தாள். தப்பு செய்தோம் என்று உறுதியாகத் தெரிந்தால் அழுது தீர்க்கலாம். செய்யவில்லை என்று தெரிந்தால் விதியைத் திட்டலாம். இரண்டுக்கும் வழியில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி மருந்து ஆரம்பித்தார்கள், உடம்பு தாங்கவில்லை. வேலை நின்றது, வண்டி நின்றது. அண்ணன்தான் உடைந்து போனார். "நான்தானே கேட்டுல கட்டுனேன், நான்தானே உள்ள விடமாட்டேன்னேன்" என்று என்னிடம் வந்து சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு தடவை கஸ்தூரி காதில் அது விழுந்துவிட்டது. "அவரக் கம்முனு இருக்கச் சொல்லு கோமு. படுத்தது நானு, வந்துட்டான்னு சொன்னதும் நானு" என்றாள். அம்மன்மேல் கோபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, என் வாய் நிற்காது. "அவள ஏன் குத்தம் சொல்லணும்? அவ வரவேயில்லையே. வராதவள வந்துட்டான்னு நான்தானே வேப்பிலை கட்டிக் கும்பிட்டேன்" என்றாள்.

அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பிய பிறகு, கூட்டம் கலைந்த வாசலில் அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "இத வெட்டிரலாமாம்மா?" என்றார். "மரம் என்னண்ணே பண்ணுச்சு?" என்றேன். அவர் மரத்தில் கையை வைத்தபடியே நின்றார். மரம் இன்னும் நிற்கிறது.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு காலையில் ஜமீலாவும் நானும் வண்டிக்குப் போகாமல் அவள் வீட்டுக்குப் போனோம். கையில் டிபன் டப்பா, இட்லி, ஜமீலா செய்த காரச் சட்னி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். முகத்தில் ஒரு கொப்புளம் கூட இல்லை. மாத்திரை நின்று மாதங்கள் ஆகியிருந்தன, தோல் வழவழவென்று சின்னப் பெண் முகம்போல இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

ஜமீலா டப்பாவைத் திறந்தாள். வாசனைக்குக் கஸ்தூரி கண்ணைத் திறந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேட்டியா?"

அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கிளம்புவதற்கு முன்னால் அந்த நர்ஸுக்கு நானே போன் போட்டிருந்தேன். "கேட்டேன்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

வேறு யாரிடமானாலும் பொய் சொல்லியிருப்பேன். இந்தக் கேள்விக்கு அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எது ஆசைப்படுறியோ குடுக்கலாமாம். இனிமே எதுக்கும் கேக்க வேணாமாம்."

அவள் என்னைப் பார்த்தாள். ஜமீலா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு கஸ்தூரி என் கையை விட்டாள். "அப்போ ஸ்டோர்ஸ மூடிட்டாங்கன்னு சொல்லு" என்றாள். மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, "சட்னி காரமா கீதா ஜமீலா? நல்லாப் போடு" என்றாள். நம் வண்டி ஆவடியை விட்டுக் கிளம்புகிற நேரம் அது. வண்டியில் எங்கள் முன்னால் வாசனை மட்டும் பிடித்தவள், அன்றைக்கு எங்களோடு சேர்ந்து சாப்பிட்டாள். பாதி இட்லிதான் இறங்கியது.

அவளுடைய குடை அண்ணனிடமே இருக்கிறது. நம் பெட்டியில் அவளுடைய ஜன்னலோரத்தில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள், உட்காரட்டும். என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். யாராவது ஒரு மாத்திரையை நீட்டினால், யாராவது ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், என் வாய் தானாக அதைக் கேட்கிறது. என் மாத்திரைகளுக்கும் நான் கேட்கிறேன் கஸ்தூரி. இனிமேல் கேட்க வேண்டாம் என்று யாராவது எனக்கும் சொல்கிற வரைக்கும் கேட்பேன்.